கூரையும் கைக்காசும்

(மாற்றுத்திறனாளர் நலனுக்காக நிறுவப்பட்ட நினைவு அறக்கட்டளை ஒன்றின் அழைப்பில் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவின் செம்மைப்படுத்திய வடிவம். சட்டநிலை இங்கிலாந்துக்கு உரியது; தொகைகள் 2025–26 நிதியாண்டுக்கானவை.)



சமூகக் கொள்கை என்ற பாடத்தை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தை நான் கற்ற இடம் வகுப்பறை அன்று. சனிக்கிழமைகளில் சமூக மண்டபமொன்றின் பின்னறையில், படிவம் நிரப்ப வருகிற குடும்பங்களோடு உட்கார்ந்திருந்தபோதுதான் கற்றேன். இன்றைய உரையும் அந்த அறையில் எழுந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது.

ஒரு சனிக்கிழமை இரண்டு தாய்மார் ஒன்றாக வந்தார்கள். இருவரின் மகன்மாரும் ஒரே சிறப்புப் பள்ளியில் படித்தவர்கள். இருவருக்கும் ஆட்டிசம், கற்றல் குறைபாடு. இருவருக்கும் ‘பிப்’ என்று நாம் சொல்லும் தனிநபர் சுதந்திரக் கொடுப்பனவு ஒரே அளவில் கிடைத்துவந்தது. ஒரே ஆண்டில் இருவரும் பெற்றோரின் வீட்டைவிட்டுப் போனார்கள். ஒருவன் ஆறு அறைகள் கொண்ட ஓர் இல்லத்துக்கு. மற்றவன் பத்து நிமிட நடைதூரத்தில் இருந்த ஒரு குடியிருப்புக்கு. ஆறு மாதம் கழித்து, முதலாமவனின் தாய் என்னிடம் கேட்டார்: “ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கடிதம்தான் வந்தது. அவனுக்குக் காசு வருது. என்ர பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக்கூட நான் யோசிக்க வேண்டிக் கிடக்கு. என்ர பிள்ளையின்ர காசு எங்க போனது?”

அன்று அவருக்கு விதியைச் சொன்னேன். விதி அவருக்கு விளங்கியது. ஆனாலும் அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இன்று அந்தப் பதிலை முழுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

என் கருத்தைச் சுருக்கமாக முதலிலேயே வைத்துவிடுகிறேன். மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கொடுப்பனவு அவருடைய தேவையை அளந்து வழங்கப்படுகிறது. அவர் வீடு மாறுகிற நாளில், புதிய கூரை சட்டத்தில் எந்த வகை, அதற்கு யார் காசு கட்டுகிறார் என்பதை வைத்து அந்தக் கொடுப்பனவு நிறுத்தப்படவோ கரைக்கப்படவோ முடிகிறது. தேவை அவரோடு புதிய வீட்டுக்குப் போகிறது; காசு போவதில்லை. காசும் ஆளோடு போகவேண்டும். இதை எட்டுக் குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு வீடுகள்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். செங்கல் சுவர், முன்னால் சிறு தோட்டம், உள்ளே இரவும் பகலும் பணியாளர்கள். சட்டத்துக்கு அவை இரண்டு வேறு உலகங்கள்.

பராமரிப்பு இல்லம் என்பது தங்குமிடத்தையும் தனிப்பட்ட பராமரிப்பையும் சேர்த்தே வழங்கும் நிறுவனம். அது பராமரிப்புத் தர ஆணையத்தில் பராமரிப்பு இல்லமாகப் பதிவாகியிருக்கும். அங்கே இருப்பவருக்கு வழக்கமாக வாடகை ஒப்பந்தம் கிடையாது. படுக்கை, சாப்பாடு, குளிப்பாட்டிவிடுதல் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணம். பெரும்பாலும் அதை உள்ளூராட்சிக் கவுன்சில் கட்டுகிறது.

‘சப்போர்ட்டட் லிவிங்’ என்று சொல்லப்படும் துணையோடு வாழும் வீட்டில் இரண்டு ஒப்பந்தங்கள் உண்டு. ஒன்று வீட்டுக்காரரோடு செய்யும் வாடகை ஒப்பந்தம். மற்றது பராமரிப்புக்கான ஏற்பாடு. பராமரிக்கும் நிறுவனம் பதிவாகியிருக்கும், வீடு பதிவாகியிராது. அங்கே வாழ்பவர் வாடகைக் குடியிருப்பாளர்.

எந்த வகை என்று அறிய நான் பெற்றோரிடம் இரண்டு கேள்வி கேட்பேன். அறைக் கதவின் திறப்பு யாரிடம் இருக்கிறது? பராமரிக்கும் நிறுவனத்தை நாளைக்கு மாற்றினால் உங்கள் பிள்ளை அதே வீட்டில் தொடர்ந்து இருக்க முடியுமா? இரண்டுக்கும் மனமார ‘பிள்ளையிடம்; ஆம், முடியும்’ என்று சொல்ல முடிந்தால் அது வீடு. பழைய இல்லத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, வதிவோரிடம் வாடகைத் தாளில் கையெழுத்து வாங்கினால் மட்டும் அது வீடாகிவிடாது. வாடகை ஒப்பந்தம் இருந்தாலும் ஓர் இடம் பராமரிப்பு இல்லமாகவே இருக்கக்கூடும் என்பதை 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அந்த இரு தாய்மாரில் யாரிடமும் இந்தக் கேள்விகளை எவரும் கேட்டிருக்கவில்லை. இடம் காலியாக இருந்தது, போனார்கள். பிள்ளையின் கைக்காசு அந்தக் கணத்திலேயே தீர்மானமாகிவிட்டது.

2. இருபத்தெட்டாம் நாள்

பிப் 2013-ல் வந்தது. அதற்கு இரண்டு பகுதிகள். நாளாந்த வாழ்வுப் பகுதி, கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். நடமாட்டப் பகுதி, 29.20 அல்லது 77.05 பவுண். சம்பளமோ சேமிப்போ இதைப் பாதிப்பதில்லை. உண்ண, உடுக்க, குளிக்க, பேச, வெளியே போக ஒருவருக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதே அளவுகோல்.

பராமரிப்பு இல்லத்தின் செலவை அரசோ கவுன்சிலோ ஏற்றால், 28 நாளுக்குப் பிறகு நாளாந்த வாழ்வுப் பகுதி நிற்கிறது. உரிமை இரத்தாவதில்லை, பணம் வருவது நிற்கிறது. துணையோடு வாழும் வீட்டில் இந்த விதி பொருந்தாது; இரு பகுதிகளும் தொடரும். முதலாவது தாயின் கேள்விக்கு விதிப்புத்தகம் தரும் விடை இதுதான்.

இதற்கான நியாயத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். பராமரிப்புச் செலவை அரசு ஏற்கெனவே தருகிறது. அதே தேவைக்கு இரண்டு முறை ஏன் தரவேண்டும் என்பது வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சட்டமே தனக்குள் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது. அதே இல்லத்தில், அடுத்த அறையில் இருப்பவர் தன் சொந்தக் காசில் முழுக் கட்டணத்தையும் கட்டினால் அவருக்கு நாளாந்த வாழ்வுப் பகுதி தொடர்ந்து வரும். ஆக, இல்லத்துக்குள் போனதால் தேவை தீர்ந்துவிடவில்லை என்பது சட்டத்துக்குத் தெரியும். யார் கட்டுகிறார் என்பதே அதற்குக் கணக்கு.

நாளாந்த வாழ்வுப் பகுதி நின்றபிறகு எஞ்சுவது என்ன? நடமாட்டப் பகுதி தவிர அவருக்கு வரும் மற்றக் கொடுப்பனவுகள், யூனிவர்சல் கிரெடிட் என்ற வருமான உதவி உட்பட, இல்லக் கட்டணத்தை நோக்கிப் போகின்றன. அவருக்கென்று விடவேண்டிய தனிச்செலவுத் தொகை கிழமைக்கு 30.65 பவுண். சட்டை, சப்பாத்து, தலைமுடி வெட்டுதல், தொலைபேசி, தங்கச்சியின் பிறந்தநாளுக்கு ஒரு பரிசு, எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அந்தத் தாய் சப்பாத்தைப் பற்றிப் பேசியது இதனால்தான்.

இந்த விதிக்குள் பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லத்துக்குள் நுழைகிற நாளும் வெளியேறுகிற நாளும் இல்ல நாள்களாக எண்ணப்படுவதில்லை. வெள்ளி மாலை பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவந்து திங்கள் காலை கொண்டுபோய் விட்டால், அது நான்கு நாள். அந்த நான்கு நாளுக்கும் நாளாந்த வாழ்வுப் பகுதி நாள்வீதத்தில் திரும்ப வரும். கூடிய வீதத்தில் அது சுமார் 63 பவுண். பிப் வழங்கும் திணைக்களத்துக்குத் தெரிவித்தால்தான் வரும்.

மறுபக்கமும் உண்டு. ஓய்வுக்காகக் குறுகிய காலம் இல்லத்தில் விடுகிற குடும்பங்கள் கவனிக்கவேண்டும். இரண்டு தங்கல்களுக்கு நடுவே 28 நாளோ அதற்குக் குறைவோ இடைவெளி இருந்தால், நாள்கள் ஒன்றாகக் கூட்டப்படும்.

3. நடமாட்டப் பணம்: ஒரு போராட்டத்தின் கதை

பராமரிப்பு இல்லத்திலும் நடமாட்டப் பகுதி நிற்பதில்லை. கூடிய வீதம் பெறுபவர் அதைக்கொண்டு மோட்டபிலிட்டி திட்டத்தில் கார் எடுக்கலாம், வைத்திருக்கலாம். கவுன்சில் கட்டணம் கணக்கிடும்போது இந்தப் பணத்தில் கைவைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

இது தானாக நிலைத்த உரிமை அன்று. 2010-ல், அப்போதிருந்த ஊனமுற்றோர் வாழ்க்கைக் கொடுப்பனவின் நடமாட்டப் பகுதியை இல்லவாசிகளிடமிருந்து எடுத்துவிடப்போவதாகக் கூட்டணி அரசு அறிவித்தது. இல்லங்களும் கவுன்சில்களுமே போக்குவரத்துக்குப் பொறுப்பு, ஆகவே இதுவும் இரட்டைச் செலவு என்றார்கள். இல்லவாசிகளும் அவர்களுக்கான அமைப்புகளும் எழுந்து நின்றார்கள். லெனார்ட் செஷயர், மென்காப் அமைப்புகளின் வேண்டுகோளில் பிரபுக்கள் சபை உறுப்பினர் கொலின் லோ ஒரு விசாரணையை நடத்தினார். அவரே பார்வையற்றவர். அந்தப் பணத்தைக்கொண்டு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர் அவர்களிடமே கேட்டார். அறிக்கை 2011 நவம்பரில் வந்தது. டிசம்பரில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இந்த வெற்றியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இல்லம் ஒருவரை வைத்தியரிடம் கொண்டுபோகும். நண்பனின் கலியாணத்துக்குக் கொண்டுபோகும் கடமை அதற்கு இல்லை. கோயில் தேருக்குக் கொண்டுபோகும் கடமையும் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது. 2011-ல் நடமாட்டத்துக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட இந்த நியாயம் நாளாந்த வாழ்வுக்கு மட்டும் ஏன் பொருந்தாது? இரட்டைச் செலவு என்ற பகுதியைக் கழித்தாலும், இல்லம் தராத வாழ்வுக்கென்று ஒரு பங்கு ஆளிடம் இருக்கவேண்டும் என்பதே என் வாதம்.

4. வாடகையை யார் கட்டுவது

இனி இரண்டாவது தாயின் மகனிடம் வருவோம். பிப் அவனிடம் தங்கியது. ஆனால் அவனுக்கு வாடகை உண்டு.

இன்று வேலைசெய்யும் வயதினரின் வாடகை உதவி பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் வருகிறது. ‘குறித்த வகை’யான துணை வீடுகளுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே அன்றாடச் செலவுக்கு யூனிவர்சல் கிரெடிட். வாடகைக்குக் கவுன்சிலின் பழைய ஹவுசிங் பெனிஃபிட். இரண்டு விண்ணப்பம், இரண்டு அலுவலகம். யூனிவர்சல் கிரெடிட்டில் எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பியிருந்து, வாடகை நிலுவை ஏறியபிறகு என்னிடம் வந்த குடும்பங்கள் பல.

துணை வீடுகளின் வாடகை உயர்வானது. தழுவி அமைத்த குளியலறை, தீயணைப்பு ஏற்பாடு, பொது இடங்களின் பராமரிப்பு எல்லாம் அதில் சேரும். அவற்றுள் ‘விதிவிலக்குப் பெற்ற வீடு’ என்ற வகை என்றால் தனியார் வாடகைக்கான உச்சவரம்பு அதற்குப் பொருந்தாது. அந்தத் தகுதி எப்படி வருகிறது? வீட்டுக்காரர் வீட்டுச் சங்கமாகவோ, பதிவுபெற்ற அறநிறுவனமாகவோ, தன்னார்வ அமைப்பாகவோ, கவுண்டி கவுன்சிலாகவோ இருக்கவேண்டும். அவரோ அவர் சார்பில் இன்னொருவரோ குடியிருப்பவருக்குப் பராமரிப்போ துணையோ மேற்பார்வையோ தரவேண்டும். அது பெயரளவில் இருந்தால் போதாது. இங்கேதான் பலர் இடறுகிறார்கள். கவுன்சில் தனியாக அமர்த்திய நிறுவனம் நாள் முழுவதும் பராமரித்தாலும் அது வீட்டுக்காரர் தரும் துணையாகக் கணக்கில் வராது. அப்படியென்றால் வாடகை உதவி வரம்புக்குள் சுருங்கலாம். மிச்சத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பு.

விதிவிலக்குக் கிடைத்தாலும் சாப்பாடு, சொந்த அறையின் மின்சாரம், தனிப்பட்ட பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஹவுசிங் பெனிஃபிட் கிடையாது. கிழமைதோறும் சில பவுண் அவர் கையிலிருந்து போகும். அது எவ்வளவு என்று கையெழுத்துக்கு முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த உயர்ந்த வாடகையைக் கண்டு கெட்ட மனிதரும் வந்தார்கள். பழைய வீடுகளைக் கூறுபோட்டு அறைக்கு அறை ஆளை இருத்தி, துணை என்ற பெயரில் ஒன்றும் தராமல் பொதுப்பணத்தை எடுத்தார்கள். பர்மிங்காம் நகரம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டானது. 2022 அக்டோபரில் பாராளுமன்றக் குழு ஒன்று இதைக் கடுமையாகக் கண்டித்தது. நம்மில் பலர் வாழும் ஹாரோ கிழக்குத் தொகுதியின் உறுப்பினர் பொப் பிளாக்மன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2023 ஜூனில் சட்டமானது. தேசியத் தரங்களையும் உள்ளூர் உரிமங்களையும் அமைக்க அது வழி திறந்தது. அந்த வழி விரைவில் நடைமுறைக்கு வரவேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்.

5. ஒரு கை தந்ததை மறுகை எடுப்பது

இரண்டாவது தாய் அன்று பேசாமல் இருந்தார். வெளியே போகும்போது மெல்லச் சொன்னார்: “எங்களுக்கும் முழுக்க வாறதில்லை ஐயா. கவுன்சில் பில் அனுப்புது.”

உண்மை. 2014-ன் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், வீட்டில் தரப்படும் பராமரிப்புக்கும் கவுன்சில் கட்டணம் அறவிடலாம். அந்தக் கணக்கில் நாளாந்த வாழ்வுப் பகுதியை வருமானமாகச் சேர்க்கலாம். நடமாட்டப் பகுதியையும் உழைத்த சம்பளத்தையும் சேர்க்க முடியாது. கட்டணம் போக, அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச வருமானம் அவர் கையில் மிஞ்சவேண்டும். சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. இந்த வரம்பு 2010 முதல் அசையவில்லை. அதே நாட்டுக்குள் வேல்ஸில் வீட்டுப் பராமரிப்புக்கான கட்டணம் கிழமைக்கு 100 பவுணுக்கு மேல் போகக்கூடாது. ஸ்காட்லாந்தில் தனிப்பட்ட பராமரிப்புக்குக் கட்டணமே இல்லை. எல்லை தாண்டினால் தேவை மாறுவதில்லை, கைக்காசு மாறுகிறது.

இங்கே குடும்பங்களின் கையில் ஒரு கருவி இருக்கிறது. இயலாமையால் வரும் கூடுதல் செலவைக் கவுன்சில் கழித்தே கணக்கிடவேண்டும். ஒரு நாளில் மூன்று முறை படுக்கைவிரிப்பு தோய்க்கிற சலவைச் செலவு, கடித்துக் கிழிக்கும் சட்டைகள், சீக்கிரம் தேயும் சப்பாத்து, கூடுதல் வெப்பமூட்டல், விசேட உணவு எல்லாம் இதில் வரும். பற்றுச்சீட்டுகளை ஒரு பெட்டியில் போட்டுவையுங்கள். அந்தப் பெட்டியோடு போனவர்களுக்குக் கட்டணம் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பும் நினைவில் இருக்கவேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள ஓர் இளம்பெண் நோர்ஃபோக் கவுன்சிலின் கட்டணக் கொள்கையை எதிர்த்து வழக்காடினார். உழைக்க முடிந்தவரின் சம்பளம் கணக்கில் சேராது. உழைக்கவே முடியாத கடும் இயலாமை உள்ளவரின் கொடுப்பனவோ முழுதாகச் சேரும். ஆகவே அதிக இயலாமை உள்ளவரிடமிருந்தே அதிக விகிதம் எடுக்கப்படுகிறது என்பது அவர் வாதம். நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்று ஏற்றது. விதி எழுதியிருக்கிறது என்பதால் அது நியாயமாகிவிடாது என்று அந்தப் பெண் நமக்குக் காட்டியிருக்கிறார்.

6. உழைக்க விரும்பும் பிள்ளை

துணை வீட்டில் வாழும் பலர் வேலைசெய்ய விரும்புகிறார்கள், செய்யவும் முடியும். இன்றுள்ள விதி அவர்களை வாசலில் நிறுத்துகிறது. யூனிவர்சல் கிரெடிட்டில், அனுமதித்த அளவுக்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் குறைகிறது. அதில் சிறிதளவாவது வந்துகொண்டிருக்கும்வரை ஹவுசிங் பெனிஃபிட் முழுதாகக் கிடைக்கும். சம்பளம் கூடி யூனிவர்சல் கிரெடிட் பூச்சியமானதும், ஹவுசிங் பெனிஃபிட் தன் சொந்தக் கணக்கைத் தொடங்குகிறது. அதன் வீதம் பவுணுக்கு 65 பென்ஸ். வாடகை உயர்வாக இருப்பதால், இன்னும் சில மணிநேரம் வேலைசெய்தவர் முன்பைவிட ஏழையாகும் புள்ளி ஒன்று வருகிறது.

பல்பொருள் அங்காடியொன்றில் வண்டில்களை ஒழுங்குபடுத்தும் வேலையை மிகுந்த பெருமையோடு செய்துவந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். முதலாளி கூடுதல் மணிநேரம் தரச் சம்மதித்தார். கணக்கைப் பார்த்த பெற்றோர் வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. தான் என்ன பிழை செய்தேன் என்று அவர் பலநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

7. விட்டுவந்த வீட்டில் நடப்பது

பிள்ளை போன வீட்டைப் பற்றிப் பேசுவதில் நம் சமூகத்துக்குத் தயக்கம் உண்டு. தாய்க்கு, பராமரிப்போருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் கிழமைக்கு 83.30 பவுண் வந்திருக்கும். கிழமைக்கு 35 மணி பராமரிக்கவேண்டும், பிள்ளைக்கு நாளாந்த வாழ்வுப் பகுதி வந்துகொண்டிருக்கவேண்டும் என்பவை நிபந்தனைகள். பிள்ளை இல்லத்துக்குப் போய் அந்தப் பகுதி நின்றால் இதுவும் நிற்கும். துணை வீட்டுக்குப் போனாலும் 35 மணி குறைந்தால் நிற்கும். சமூக வாடகை வீட்டில் இருக்கும் வேலை வயதுப் பெற்றோருக்கு, காலியான அறைக்காக வாடகை உதவியில் 14 வீதம் குறையலாம். இருபது ஆண்டு வேலைக்குப் போகாமல் பிள்ளையைப் பார்த்த தாய்க்கு, பிள்ளை பிரிந்த அதே மாதத்தில் இவை எல்லாம் சேர்ந்து நடக்கின்றன.

அறிவிக்கும் கடமையும் அந்த மாதத்தில்தான் வருகிறது. பிப், யூனிவர்சல் கிரெடிட், கவுன்சில், கேரர்ஸ் அலவன்ஸ் என நான்கு கதவையும் தனித்தனியே தட்டவேண்டும். சமூகப் பணியாளரிடம் சொன்னது திணைக்களத்திடம் சொன்னதாகாது. யூனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாக வந்த பணம், பிழை உத்தியோகத்தருடையது என்றாலும் திருப்பிக் கேட்கப்படலாம்.

காசைப் பற்றிக் கேட்கும் தாயை ‘பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுட்டுக் காசைக் கேக்கிறா’ என்று நம் ஆட்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் இந்த மண்டபத்தில் இன்றோடு நிற்கட்டும். பிள்ளையின் காசைக் கேட்பது பிள்ளையின் வாழ்வைக் கேட்பது.

8. காசைத் தம்மோடு எடுத்துச் சென்றவர்கள்

காசு கூரையோடு கட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1980-களில், இல்லத்துக்குப் போனால் சமூகப் பாதுகாப்புத் திணைக்களம் கட்டணத்தைக் கட்டியது. வீட்டிலேயே இருக்க உதவி வேண்டுமென்றால் கவுன்சிலின் சிறிய நிதியில் காத்திருக்கவேண்டும். 1979-ல் சுமார் 1 கோடி பவுணாக இருந்த அந்த இல்லச் செலவு 1990-களின் தொடக்கத்துக்குள் 100 கோடியைத் தாண்டிவிட்டது. தேவைக்கு உகந்ததா என்று பார்க்காமல் காசு இருந்த திசையில் மக்கள் போனார்கள். 1986-ல் தணிக்கை ஆணையம் இதை எடுத்துச் சொன்னது. 1993-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதைத் திருத்த முயன்றது.

அதற்கு முன்பே, ஹாம்ஷயரிலுள்ள லெ கோர்ட் என்ற இல்லத்தில் இன்னொன்று தொடங்கியிருந்தது. முன்பு சொன்ன அமைப்புக்குப் பெயர் தந்த லெனார்ட் செஷயர் 1948-ல் தொடங்கிய முதல் இல்லம் அது. அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரான போல் ஹன்ட், 1972 செப்டம்பரில் கார்டியன் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். நிறுவனங்களில் அடைபட்டு வாழ்பவர்கள் தம் குரலைத் தாமே எழுப்ப ஒன்றுசேரவேண்டும் என்று அழைத்தார். அதிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே இல்லத்தைச் சேர்ந்த சிலர், ‘திட்டம் 81’ என்று பெயரிட்டுக் கவுன்சிலிடம் ஒரு கணக்கை வைத்தார்கள். எங்களை இங்கே வைத்திருக்க நீங்கள் கட்டும் காசை எங்களிடம் தாருங்கள். நாங்கள் வெளியே வீடு எடுத்து, உதவியாளரை நாங்களே அமர்த்தி வாழ்கிறோம் என்றார்கள். கவுன்சில் மாற்றுத்திறனாளியின் கையில் நேரடியாகக் காசு தர அன்றைய சட்டம் இடம் தரவில்லை. சுற்றுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், போனார்கள், வாழ்ந்தும் காட்டினார்கள். 1996-ல் நேரடிக் கொடுப்பனவுச் சட்டம் வந்தது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கவுன்சில் தரும் நேரடிக் கொடுப்பனவு, கழுத்துக்குக் கீழ் அசைவற்றுக் கிடந்தவர்களும் சேர்ந்து பெற்றுத் தந்தது.

அவர்கள் கேட்டது கூடுதல் காசு அன்று. தமக்கென ஒதுக்கப்பட்ட காசு தம்மோடு வரவேண்டும் என்றார்கள். நான் இன்று கேட்பதும் அதுவே. இல்லத்திலிருப்பவருக்கு நாளாந்த வாழ்வுப் பகுதியில் ஒரு பங்கு நிலைக்கவேண்டும். தனிச்செலவுத் தொகை வாழப் போதுமானதாக உயரவேண்டும். துணை வீட்டில் உழைப்பவரை எந்தச் சம்பளப் புள்ளியிலும் ஏழையாக்காத ஒரே கணக்கு வேண்டும். வீடு மாறும் முன்பே, கைக்காசில் என்ன மாறும் என்று எழுத்தில் சொல்வது கவுன்சிலின் கடமையாகவேண்டும்.

அன்பர்களே,

அந்த முதலாவது தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வார இறுதி நாள்களை அவர் அறிவிக்கத் தொடங்கினார். சப்பாத்துக்கான காசு அதில் வந்தது. பிறகு மகனின் பராமரிப்பு மீளாய்வுக் கூட்டத்தில், அவனுக்கென்று வாடகை ஒப்பந்தம் உள்ள வீடு வேண்டும் என்று கேட்டார். முதல்முறை முடியாது என்றார்கள். இரண்டாம் முறை எழுத்தில் காரணம் கேட்டார். ஒன்றரை ஆண்டு ஆனது. அவன் இப்போது வேறு வீட்டில் இருக்கிறான். திறப்பை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறான்.

அவருக்குத் தேவைப்பட்டது சட்டம் அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. கையெழுத்துக்குப் பிறகு அது கிடைத்தது, முன்பே கிடைத்திருக்கவேண்டும். இந்த அறக்கட்டளையின் பெயரால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மண்டபத்தில் கணக்காளர்கள் இருக்கிறீர்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், கவுன்சிலில் வேலைசெய்வோர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை தாருங்கள். வீடு மாறப்போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பேனா தாளைத் தொடுமுன் அந்தத் தாளை வாசித்துச் சொல்ல ஒருவர் இருக்கட்டும். பின்னறையின் கதவு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்திருக்கும்.